தோளுக்குப் பின்னால் கேமரா

அண்ணனைக் கொஞ்சம் நல்லவனாக மாற்றக் கூடாதா என்று கேட்கும் வாசகர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. முடியாது. அவன் எப்படியோ அப்படித்தான் எழுதுவேன். பிடிக்கவில்லை என்றால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு சமையல் குறிப்புக்குப் போங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்ள இந்த வாரம் எனக்கு வேறு ஆள் இருக்கிறான்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் வீடியோ கேம் தயாரிக்கிறான். அடிதடி கேம். கதை அவனுடையது. ரெக்கார்டிங் பொறுப்பு அவன் மனைவி, நம் அண்ணியுடையது. கேமரா அவன் தங்கையுடையது. முப்பத்தைந்து வயது தாண்டியும் அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் ‘பாப்பா’தான்.

கேமில் கேமரா என்றால் கையில் பிடிக்கிற கருவி இல்லை. ஆடுகிறவர் எங்கே நின்று பார்க்கிறார் என்கிற இடம். ஹீரோவின் கண்ணுக்குள்ளிருந்து பார்க்கலாம், தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கலாம், அறை மூலையில் அசையாமல் நின்றும் பார்க்கலாம். எங்கே நிற்பது என்று முடிவு செய்வது பாப்பாவின் வேலை. அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

காலையில் வருவாள், கீழே வேலை பார்ப்பாள், சாயங்காலம் தன் வாடகை அறைக்குப் போய்விடுவாள். மாடிப்படி மட்டும் ஏற மாட்டாள். மாடியில் இருக்கும் அம்மா மகளைப் பார்க்க வேண்டுமென்றால் அம்மாதான் இறங்கி வர வேண்டும்.

காரணம் உங்களுக்குத் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன் புருஷன் வீடு வேண்டாம் என்று ஒரு பெட்டியோடு பாப்பா திரும்பி வந்தாள். அண்ணன் படி உச்சியில் நின்றுகொண்டு உள்ளே விடவில்லை. பெட்டி கீழே வரை உருண்டது. கை தவறிவிட்டது என்று அன்றைக்குச் சொன்னான் அண்ணன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறான். அண்ணி இந்த வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. அவள்தான் பாப்பாவைத் தேடிப் போய், பேசிப் பேசிக் கரைத்து, இந்த வேலைக்குக் கூட்டி வந்தாள்.

அண்ணன் சும்மா இருந்தானா? அந்தப் படியையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்த் தன் கேமின் முதல் காட்சியாக வைத்துவிட்டான். ஹீரோவுக்குப் பெயர் ‘முரடன்’. வீடு திரும்பும் தங்கையின் பெட்டியைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துகிறான், பிறகு கேம் முழுக்க அவளைத் தேடி ஊரையே அடித்து நொறுக்குகிறான். விளையாடிப் பார்த்தவர்கள் காறித் துப்பாத குறை. ‘இந்த ஆளுக்காக நான் ஏன் பட்டனை அமுக்கணும்?’ என்று கேட்டார்கள். கேமை வெளியிடப்போகும் கம்பெனியின் அதிகாரி, எப்போதும் கோட்டோடு வருவதால் நமக்குக் கோட்டுக்காரர், போன வாரம் கறாராகச் சொல்லிவிட்டார்: ஹீரோவைப் பிடிக்கிற மாதிரி மாற்றினால்தான் வெளியீடு. இன்றைக்குச் சாயங்காலம் நேரில் வந்து பார்க்கிறாராம்.

அந்தச் சாயங்காலத்துக்கு முந்திய காலையில் நிற்கிறோம்.

* * *

“ஒரே ஒரு வரிதான் சேர்த்திருக்கேன்” என்றான் அண்ணன்.

சின்ன ஸ்டூடியோ. நடிகர்களைக் கூப்பிட வசதியில்லை. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி ஒட்டிய கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு இவர்களே நடிப்பார்கள். சுற்றிலும் இருக்கும் கருவிகள் அந்தப் புள்ளிகளின் அசைவை மட்டும் பிடித்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஹீரோ எப்போதும் அண்ணன். கேமில் வருகிற பெண்கள் எல்லாருமே பாப்பா. ஓடுகிறவள், அழுகிறவள், குண்டடிபட்டு விழுகிறவள் எல்லாம் அவள்தான். போன மாதம் மட்டும் அவள் செத்த தடவைக்கு அளவே இல்லை.

“என்ன வரி?” உடுப்பின் ஜிப்பை இழுத்துக்கொண்டே கேட்டாள் பாப்பா.

“பெட்டியைத் தள்றதுக்கு முன்னாடி முரடன் ஒரு வார்த்தை சொல்றான். ‘அம்மா நகையைத் திருடிட்டுப் போனவ, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வந்தே?’ன்னு. அவ்வளவுதான்.”

ஜிப் பாதியில் நின்றது.

“யாரு திருடினது?”

“கேம்ல வர்ற தங்கச்சி.”

“கேம்ல வர்ற தங்கச்சி யாரு?”

“ஆரம்பிச்சுட்டியா? அது வெறும் கதை பாப்பா. அவன் கோபத்துக்கு ஒரு நியாயம் வேணும்னு அந்தக் கோட்டுக்காரர் கேக்கறார். நியாயம் குடுத்தா ஆடறவனுக்கு அவனைப் பிடிச்சுடும்.”

“நியாயம் இல்லாமத்தானே தள்ளினான்?”

“எவன்?”

“முரடன்” என்றாள் பாப்பா, அண்ணனை நேராகப் பார்த்து. “வேற யாரைச் சொல்வேன்?”

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணி, இவர்கள் பேச்சில் நடுவே விழுந்து பழகியவள். “கேமராவையாவது முதல்ல பேசி முடிங்களேன்” என்றாள்.

அதைப் பேசாமலே இருந்திருக்கலாம்.

“தோளுக்குப் பின்னாலதான்” என்றான் அண்ணன். “முதுகை ஒட்டி, கொஞ்சம் தாழ்வா. அவன் மலை மாதிரி தெரியணும். ஆடறவன் அவன் பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கணும்.”

“பக்கத்துல நிக்க வெச்சுட்டா அவன் பண்றது தப்புன்னே தெரியாது.”

“தெரிய வேண்டாம்!”

“எனக்கு முரடன் மேல ஒண்ணும் கோபமில்லை அண்ணா. கெட்டவனை வெச்சு ஆடலாம். அவன் கெட்டவன்னு தெரிஞ்சே ஆடலாம், நல்லாவே இருக்கும். ஆனா பண்றதையும் பண்ணிட்டு அவளைத் திருடின்னு சொல்லித் தப்பிச்சா, அவன் கெட்டவன்கூட இல்லை. கோழை. கோழையை வெச்சு என்னால கேமரா போட முடியாது.”

“இன்னிக்கு ரெக்கார்டிங் முடியலைன்னா கேம் வெளியே வராது. ரெண்டு வருஷ உழைப்பு. உன்னோடதும்தான். அதையாவது யோசி.”

அது உண்மை. பாப்பாவின் இரண்டு வருடமும் அதில்தான் இருந்தது. இந்தக் கேம் வந்தால்தான் அவள் பெயர் வெளியே தெரியும், வேறு இடத்தில் கூப்பிடுவார்கள், இந்தப் படியைத் தினமும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஆனால் திருடி என்ற பட்டத்தோடு வர வேண்டுமா? கேமை ஆடப்போகிற அத்தனை பேரும் அவளைத் திருடி என்று நினைத்துக்கொண்டு பெட்டியைத் தள்ள வேண்டுமா?  

“சரி. ஒரு தடவை நிக்கறேன்” என்றாள். “வரியை அப்புறம் பார்த்துக்கலாம்.”

போய்த் தன் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வந்தாள். நீலப் பெட்டி. ஒரு பக்கச் சக்கரம் இல்லை. “வேற பெட்டி கிடைக்கலை” என்றாள். கிடைத்திருக்கும். தேடவில்லை.

அண்ணன் அந்தப் பெட்டியைப் பார்த்தான்.

* * *

பலகைப் பெட்டிகளை அடுக்கி மூன்று படி செய்திருந்தார்கள். உச்சியில் அண்ணன். கடைசிப் படியில் பாப்பா. அவளுக்கு முன்னால் பெட்டி.

அண்ணி காட்சியை வாசித்தாள். “முரடன் குனிகிறான். இரண்டு கையாலும் பெட்டியைத் தள்ளுகிறான். தங்கச்சி பின்னால் நகர்கிறாள். ரெடியா? ஆரம்பிங்க.”

பாப்பா ஒரு படி ஏறினாள். பெட்டியைத் தூக்கி அண்ணன் காலடியில் வைத்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். வசனம் எதுவும் இல்லாத இடம் அது. ஆனாலும் அவள் வாய் அசைந்தது. “உள்ள விடு அண்ணா.”

அண்ணன் குனியவில்லை. இடது காலைத் தூக்கி, உள்ளங்காலால், பெட்டியின் ஓரத்தில் ஓங்கி ஒரு உதை விட்டான்.

பெட்டி தடதடவென்று இறங்கியது. பாப்பாவின் வலது கை பக்கவாட்டில் பாய்ந்து, அங்கே இல்லாத கைப்பிடிச் சுவரைத் தேடியது.

“நிறுத்துங்க” என்றாள் அண்ணி. “கையாலன்னு இருக்கு. காலால உதைச்சுட்டீங்க.”

“ஓ. சரி. கவனிக்கலை. இன்னொரு தடவை.”

இன்னொரு தடவை. இம்முறை அண்ணன் குனிந்தான், இரண்டு கையையும் நீட்டினான்.  பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். கை பெட்டியைத் தொடுவதற்கு முன்பே கால் எழும்பிவிட்டது. அதே இடது கால். அதே ஓரம்.

 எடுத்த இரண்டையும் அண்ணி ஸ்க்ரீனில் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டாள். முகம் இல்லாத, துணி இல்லாத புள்ளி மனிதர்கள். இரண்டிலும் ஒரே கால் ஒரே மாதிரி எழும்பியது. ஒத்திகையே பார்க்காத உதை அவ்வளவு கச்சிதமாக வராது. அண்ணி பெட்டியின் பக்கம் திரும்பினாள். உதை விழுந்த ஓரத்தில்தான் சக்கரம் இல்லை.

“என்னங்க” என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. “எங்கிட்ட கை தவறிடுச்சுன்னுதானே சொன்னீங்க?”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இது கேம்.”

“கை தவறிடுச்சுன்னு நீங்க சொன்னதை நம்பி, நான் இவ கிட்ட போய், ‘ஒரு பெட்டி உருண்டதுக்கா இத்தனை ரோஷம்? படி ஏறி வந்தா குறைஞ்சா போயிடுவே?’ன்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன். இவளும் வாயைத் திறக்காம கேட்டுக்கிட்டா. என்னை முட்டாளாக்கி வெச்சிருக்கீங்களே இத்தனை வருஷமா!”

“ஆமா, உதைச்சேன்!” அண்ணன் கத்தினான். கத்தின கத்தலில் மாடிக்குக் கேட்டிருக்கும். “உதைச்சேன். இப்ப என்ன? என் சிநேகிதன் வீடு அது. நான் பார்த்துப் பண்ணி வெச்ச கல்யாணம். இவ பாட்டுக்குப் பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டா, என் முகத்தை எங்க கொண்டு போய் வெச்சுக்கறது?”

“அதான் கண்டுபிடிச்சுட்டியே” என்றாள் பாப்பா. “கேமராவை முதுகுக்குப் பின்னால வெச்சுட்டா முகமே தெரியாதே.”

அண்ணன் படியிலிருந்து இறங்கப் பார்த்தான், பாப்பா விடவில்லை.

“அங்க என்னை அடிச்சாங்கன்னு சொல்ல வந்தேன். அதைக்கூட நீ காது குடுத்துக் கேக்கலை. கேக்காம உதைச்சே. சரி, போகட்டும்னு விட்டேன். இப்ப திருடின்னும் சொல்லி ஊர் முழுக்க ஆட விடுவியா? உன்னைப் பூசி மெழுகறதுக்கு நான்தான் கிடைச்சேனா?”

உடுப்பைக் கழற்றக்கூட இல்லை அவள். புள்ளிகளோடேயே போய்த் தன் மேஜையில் உட்கார்ந்தாள்.

* * *

மதியம் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அண்ணன் முன்னறையில் கோட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசினான். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாப்பா காட்சியைக் கட்டிக்கொண்டிருந்தாள். உதையை அப்படியே வைத்தாள். திருடி என்ற வரியைச் சேர்க்கவில்லை. கேமராவைத் தோளிலிருந்து எடுத்தாள். கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள், அங்கேயும் முரடன் முகம் தெரியாது. எடுத்தாள். கடைசியில் வீட்டுக்குள்ளே, சமையலறை வாசலில் வைத்தாள். அங்கிருந்து பார்த்தால் படி உச்சி தெரியும், முரடனின் முகம் பக்கவாட்டில் முழுசாகத் தெரியும், படியில் நிற்பவளின் தலையும் கையும் தெரியும். அசையாத கேமரா. ஆடுகிறவர் என்ன செய்தாலும் அது அந்த இடத்தை விட்டு நகராது.

அம்மா இறங்கி வந்தாள். அவள் பேசவே மாட்டாள் என்று நீங்கள் நினைத்தால் தவறு. காய்கறிக்காரரோடு பேசுவாள், அண்ணியோடு பேசுவாள், டிவியோடுகூடப் பேசுவாள். அந்த நாளைப் பற்றி மட்டும் பேச மாட்டாள்.

மகளுக்குக் கொண்டு வந்த டீயை மேஜையில் வைத்துவிட்டு ஸ்க்ரீனைப் பார்த்தாள். பார்த்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இது எங்கேருந்து பார்க்கற மாதிரி இருக்கு?”

“உனக்கே தெரியும்.”

அம்மா ஸ்க்ரீனில் விரலை வைத்தாள். “படியில நீ இருக்கே. மேல அவன் இருக்கான். நான் எங்கே இருக்கேன்?”

“நீதாம்மா கேமரா.”

அம்மாவின் கை, கேம் ஆடுகிறவர் பிடிக்கும் கன்ட்ரோலர் மேல் போனது. அங்கும் இங்கும் தள்ளிப் பார்த்தாள். படத்தில் ஒன்றும் மாறவில்லை.

“நகராதா இது?”

“நகராது. அன்னிக்கு நீ நகர்ந்தியா? கையில கரண்டியை வெச்சுக்கிட்டு அப்படியே நின்னே. நான் கீழ விழுந்து எழுந்திரிச்சுப் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போற வரைக்கும் நின்னே. அண்ணன் உதைச்சதைக்கூட மறந்துடுவேன். நீ நின்னதை மறக்க முடியலை.”

டீ ஆறிப்போனது. அம்மா எழுந்து போவாள் என்று பாப்பா எதிர்பார்த்தாள். அம்மா போகவில்லை.

* * *

கோட்டுக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அண்ணன் ஓடிப்போய் வரவேற்று நடுவில் உட்கார வைத்தான். ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து, “நீ மேல போம்மா” என்றான். அம்மா காது கேட்காததுபோல் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் எடுத்ததில் உதையைக் கம்ப்யூட்டரிலேயே திருத்தி, அண்ணன் மதியம் அவசரமாகத் தயாரித்து வைத்த காட்சி ஒன்று இருந்தது. தோள் கேமரா, கையால் தள்ளுவது, திருடி என்ற வரி எல்லாம் அதில் உண்டு. அதைப் போடும்படி அண்ணியிடம் கண்ணைக் காட்டினான். அண்ணி பட்டனைத் தட்டினாள்.

ஸ்க்ரீனில் வந்தது சமையலறை வாசல்.

“இது இல்லை, மத்ததைப் போடு” என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான் அண்ணன்.

“ஐயையோ” என்றாள் அண்ணி. “கை தவறிடுச்சுங்க.”

கோட்டுக்காரர் கன்ட்ரோலரை எடுத்துவிட்டார். ஆட ஆரம்பித்தார். படி வந்தது, பெட்டி வந்தது, பட்டனை அமுக்கச் சொல்லி அடையாளம் வந்தது. அமுக்கினார். கால் எழும்பியது. பெட்டி உருண்டது. முரடனின் முகம் பக்கவாட்டில் அப்படியே இருந்தது, அவள் கை சுவரைத் தேடிக்கொண்டிருந்தபோதும்.

அவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். “போன தடவை முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. இப்ப முகம் தெரியுது. பார்க்கச் சகிக்கலை. ஆனா பார்க்காமலும் இருக்க முடியலை, அதையும் சொல்லிடறேன்.” அண்ணன் பக்கம் திரும்பினார். “அந்தப் பொண்ணு நகையைத் திருடினான்னு ஒரு வரி சேர்க்கறதா சொன்னீங்களே? அது எங்கே? அவ திருடினாளா, இல்லையா? அதைச் சொல்லுங்க, நான் என் முடிவைச் சொல்றேன்.”

“திருடினா சார்” என்றான் அண்ணன் சட்டென்று. “அதை நாளைக்கே சேர்த்துடறோம்.”

“இல்லை” என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“அவ எதையும் திருடலை” என்றாள் அம்மா. “அந்தப் பெட்டியில அவ துணிமணிதான் இருந்தது. உருண்டு திறந்துக்கிச்சு. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். தப்பு பண்ணினது அவ இல்லை.”

கோட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்தது. 

பாப்பா அழுது அம்மாவைக் கட்டிக்கொண்டாள் என்று எழுதச் சொல்வீர்கள். மாட்டேன். பாப்பாவுக்கு வந்தது காலையில் வந்ததைவிடப் பெரிய கோபம்.

“இவ்வளவுதானா?” என்றாள். குரல் உடைந்தது, ஆனால் தணியவில்லை. “இதைச் சொல்ல உனக்கு இவ்வளவுதான் ஆச்சாம்மா? ரெண்டு வார்த்தை? இதை அன்னிக்கு அந்த வாசல்ல நின்னு சொல்லியிருந்தா நான் எங்கே போயிருப்பேன்? யார் யார் வீட்டுலயோ ஒண்டித் திண்டாடியிருப்பேனா? இப்ப யாரோ ஒருத்தர் முன்னாடி சொல்றியே, யாருக்கு வேணும் இது?”

 அம்மா தலையைக் குனியவில்லை. மகள் திட்டுவதை மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

அப்போதுதான் மாடிப்படியில் சத்தம் கேட்டது. இந்தக் களேபரத்தில் அண்ணி எழுந்து மேலே போனதை யாரும் கவனிக்கவில்லை. இப்போது படி உச்சியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் பெட்டி.

“எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்” என்றாள். “எத்தனை நாள்னு கேக்காதீங்க. பொய் சொன்னவர் கூட இருக்கறதா வேண்டாமான்னு அங்க உட்கார்ந்து யோசிக்கணும்.”

“வெளியாள் முன்னாடி மானத்தை வாங்காதே. உள்ளே போடி!”

“வழி விடுங்க.”

அண்ணன் இரண்டு இரண்டு படியாக ஏறினான். அவளுக்கு ஒரு படி கீழே போய் நின்றான். அண்ணி பெட்டியை இறக்கி அவன் காலடியில் வைத்தாள், வேண்டுமென்றேதான் வைத்தாள்.

“ம்” என்றாள். “இப்ப கையா, காலா?”

கீழே நின்ற பாப்பாவும் கோட்டுக்காரரும் அவன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, படியை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள்.